பூத்து நின்ற செடியைப் பிடுங்கிய நாள்

உரமும் பயிர் மருந்தும் வரக்கூடாது என்று அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தி, இலங்கையே தடுமாறிக்கொண்டிருந்த அந்த வருடம், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது இது. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறவள்.

நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, ஓடை வரைக்கும் இறங்குகிற ஒரு சரிவு உண்டு. ஒரு காலத்தில் அங்கேயும் தேயிலை இருந்திருக்கிறது. பிறகு கைவிட்டுவிட்டார்கள். அந்த இடத்தை எங்கள் லயத்தில் சில குடும்பங்கள் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு மரக்கறி போட்டு வந்தோம். பெரும்பாலும் வீட்டுக்குத்தான். மிஞ்சினால் தலவாக்கலைக்குக் கொண்டுபோவோம்.

அந்த வருடம் அப்படி விளையாட்டாகப் பயிரிட முடியவில்லை. தேயிலையில் களைக்கு அடிக்கிற மருந்து இல்லை. புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. கூடையோடு உள்ளே நுழைந்தால் கால் எங்கே படுகிறது என்றே தெரியாது. அட்டையை உருவிப் போட்டுக்கொண்டு, பாம்பு இருக்குமோ என்று கம்பால் தட்டிக்கொண்டு கொழுந்து எடுப்போம். உரமும் இல்லாததால் கொழுந்து விடுவதே குறைந்துபோனது. முழு நாளும் நின்றாலும் கேட்கிற கிலோ வராது, அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம்தான் கொடுப்பார்கள். அதனால் எல்லாருடைய கண்ணும் அந்தச் சரிவின் மேல் விழுந்தது.

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். கொரோனா நோய்க்காலத்தில் கடையை மூடியதும் ஊருக்கு வந்தவர், திரும்பிப் போக வழியில்லாமல் இங்கேயே நின்றுவிட்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு வெட்கம். சரிவில் எங்கள் பங்குக்கு இருந்த காணியை அவர் கொத்திய மாதிரி யாரும் கொத்தி நான் பார்த்ததில்லை. கல்லெல்லாம் பொறுக்கி வரம்பு கட்டினார். மாட்டெரு தேடி அடுத்த தோட்டம் வரைக்கும் போனார். ஆவணியில் ஒரு லொறியில் விதைக்கிழங்கு வந்தது. சரிவில் காணி வைத்திருந்த எல்லாரும் அதிலேயே வாங்கி, ஒரே வாரத்தில் உருளைக்கிழங்கு ஊன்றினோம்.

செடி நன்றாக வந்தது. ஐப்பசி பிறந்தபோது எங்கள் காணி முழுக்கப் பூ. வெள்ளையும் லேசான ஊதாவுமாக, பனி விலகும்போது பார்த்தால் யாரோ துணி உலர்த்தியிருக்கிற மாதிரி இருக்கும். எங்கள் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். ஹட்டனில் தங்கி மேற்கொண்டு படிக்க வேண்டும் என்று ஆசை. கிழங்கு கிண்டியதும் அனுப்பிவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். அவளும் தினமும் சாயந்தரம் போய்ச் செடியைப் பார்த்துவிட்டு வருவாள்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் காணிக்கு நேர் கீழே இருந்தது ஓர் அக்காவின் காணி. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகளும் கல்யாணமாகி நானுஓயாப் பக்கம் போய்விட்டாள். தனி ஆள். என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர். லயத்தில் அவருடைய காம்பராவுக்கும் எங்களுடையதற்கும் நடுவில் இரண்டு வீடுதான். ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு மழைக்கு எங்கள் காணித் தண்ணீர் உடைத்துக்கொண்டு போய் அவருடைய பாத்தியை அரித்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல, அவர் ஏதோ சொல்ல, அதோடு முகம் திருப்பியதுதான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் பக்கத்தில் நின்றாலும் அவர் ஒரு பக்கம் பார்ப்பார், நான் ஒரு பக்கம் பார்ப்பேன்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. வேலை முடிந்து கூடையை வீட்டில் வைத்துவிட்டு நேரே காணிக்குப் போனேன். மேல் ஓரத்தில் ஒரு செடியில், இலை விளிம்பில், சுடுதண்ணீர் தெறித்த மாதிரி ஒரு நனைந்த புள்ளி. பக்கத்து இலையில் இன்னொன்று. இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக, மாவு தூவின மாதிரிப் பூஞ்சணம்.

என்னவென்று உடனே புரிந்துவிட்டது. கருகல் நோய். சிங்களத்தில் அங்கமாரய என்பார்கள். பனியும் குளிரும் தூறலும் சேர்ந்தால் வருகிறது. இலையில் தொடங்கித் தண்டுக்கு இறங்கி, ஒரு வாரத்தில் காணி முழுவதையும் கறுப்பாக்கிவிடும். காற்றிலும் மழைத்தண்ணீரிலும் அடுத்த காணிக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு முன்பும் கொஞ்சம் தலைகாட்டியது. அப்போது மருந்து இருந்தது. அடித்தோம், நின்றுவிட்டது.

வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் அந்த இலையைக் கிள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாருக்கிட்டயும் சொல்லிறாத. நான் போயி மருந்து பாத்துட்டு வாறேன்" என்றார்.

தலவாக்கலையில் மருந்துக் கடைக்காரர் வெறும் அலுமாரியைத் திறந்து காட்டியிருக்கிறார். வேறு யாரோ சொல்லி நானுஓயாவுக்குப் போய், ஒரு ஆளிடம் லேபல் இல்லாத ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு இருட்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கள்ளமாகப் படகில் வந்த மருந்து, நல்ல சரக்கு என்று சொன்னானாம். மூடியைத் திறந்தபோது மருந்து வாடையே இல்லை. சவர்க்காரத் தண்ணீர் மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் டேங்க்கை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு செடி விடாமல் அடித்தார். நான் டோர்ச் பிடித்தேன். 

விடியற்காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வரிசை முழுவதும் கறுத்திருந்தது. கிட்டே போனதும் ஒரு நாற்றம். அழுகின முட்டைக்கோஸ் நாறுமே, அது மாதிரி. அதற்குக் கீழே வரம்பு, வரம்புக்குக் கீழே அந்த அக்காவின் செடி. ஒரு புள்ளி இல்லாமல், இலையில் பனித்துளி நிற்க, பச்சைப்பசேலென்று இருந்தது. காற்று மேலிருந்து கீழேதான் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்காவுக்குச் சொல்லணுங்க" என்றேன்.

"சொன்னா என்னா ஆகும் தெரியுமா? நம்ம காணியில இருந்துதான் வந்துச்சுன்னு லயமே சொல்லும். காலத்துக்கும் சொல்லும்."

"சொல்லாட்டி மட்டும்?"

அவர் கறுத்த வரிசையின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மேலே ஏறி வந்துவிட்டேன்.

அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ரொட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். இரண்டு வருடம் பேசாத வாய். எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

"எங்க காணியில கருகல் விழுந்துருச்சுக்கா. ஒங்களுக்குத்தான் மொதல்ல வரும். அதான் சொல்ல வந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.  பையை ஆணியில் மாட்டினார். நான் காத்திருந்து பார்த்துவிட்டுப் பெரட்டுக்குப் போய்விட்டேன். அன்று அவர் வேலைக்கு வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மனசு கேட்காமல் காணிக்கு ஓடினேன். எங்கள் பாத்திக்கு நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் மண்வெட்டி, பக்கத்தில் நாலைந்து சாக்கு. வரம்பில் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஏற்கெனவே வாதாடி முடித்திருந்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

"பாதிய புடுங்கி பாதிய வச்சுப் பாக்கலாம்ங்கிறாரு ஒன் வீட்டுக்காரரு. அது ஆகாது தங்கச்சி. எல்லாத்தையும் இன்னைக்கே புடுங்கிப் பொதைக்கணும். என் காணியிலயும் மேல ரெண்டு வரிசைய புடுங்கிர்றேன். நடுவுல எடம் விட்டா ஒருவேள தாண்டாம இருக்கும்."

அவருடைய மேல் வரிசைச் செடியைப் பார்த்தேன். நோயே இல்லாத செடி.

என் வீட்டுக்காரர் வெடித்துவிட்டார். "பூத்து நிக்கிற செடிய புடுங்கச் சொல்றீங்களே, ஒங்களுக்கு மனசு வருதா?"

அக்கா கோபப்படவில்லை. "வரலங்க தம்பி. சொந்தச் செடிய மொத மொதல்ல புடுங்க யாருக்கும் வராது. நீங்க புடுங்க வேணாம். நான் தொடங்குறேன்" என்று சொல்லிக் குனிந்தார்.

முதல் செடியை அவர்தான் பிடுங்கினார். ஈர மண்ணிலிருந்து வேர் கழன்று வருகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. வேரில் வெள்ளை வெள்ளையாக, குண்டுமணியை விடச் சற்றுப் பெரிதாகக் கிழங்கு தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் வரம்பில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து போய் ஓரத்தில் குழி வெட்டத் தொடங்கினார். நான் அக்காவுக்குப் பக்கத்து வரிசையில் குனிந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் நானும் வேலைக்குப் போகவில்லை. மகள் வந்தாள். என்னம்மா செய்கிறீர்கள் என்று கேட்டாள். பிடுங்கிக் கிடந்த செடியைப் பார்த்து அவளே புரிந்துகொண்டு சாக்கை எடுத்தாள். லயத்துப் பாதையில் ஆட்கள் வந்து வந்து நின்று பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நோய் பிடித்த காணியில் கால் வைத்துவிட்டு, அதே காலோடு தன் காணிக்கு யார் போவார்கள்? அக்கா மட்டும் கீழே இறங்கும் முன் வாளித் தண்ணீரில் கை கால், மண்வெட்டி எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனார். போனவர், சொன்னபடியே தன் மேல் இரண்டு வரிசையையும் பிடுங்கிப் போட்டார்.

மண்ணைத் தள்ளிக் குழியை மூடும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. மண்ணுக்கு மேலே ஒரு கொத்துப் பூ நீட்டிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியின் பின்பக்கத்தால் அதை உள்ளே அழுத்தினார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நானும் அக்காவும் தினமும் அவர் காணியில் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். பேச்சு அதிகம் இருக்காது. "இல்லியே?" "இல்லக்கா." அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு விடிகிற மாதிரி இருந்தது. எங்களுடையது போனாலும் பரவாயில்லை, இது நின்றுவிட வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டேன்.

தீபாவளி வந்தது. காலையில் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் சத்தமும் பட்டாசுச் சத்தமுமாக லயம் முழுக்க ஆரவாரம். எங்கள் வீட்டில் பலகாரம் என்று பேருக்கு ஒரு சட்டி முறுக்கு. அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது.  முறுக்கோடு அப்படியே சரிவில் இறங்கிப் போனேன்.

அக்கா பாத்தியின் ஓரத்தில் குந்தியிருந்தார். தலைமுழுகிய ஈரம் காயாமல், புதுச் சேலையோடு வந்திருந்தார். மடியில் புள்ளி விழுந்த இரண்டு மூன்று இலை. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பனி விலக விலக, கீழே ஓடைக்கரை வரைக்கும் இருந்த மற்ற காணிகளிலும் அந்தக் கறுப்பு திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

"எங்களாலதான்க்கா" என்று சொல்லி அழுதேன். "ரெண்டு வரிசைய நல்ல செடியாவே புடுங்குனீங்களே."

அவர் இலையைக் கீழே போட்டார். "நீ வந்து சொல்லாம இருந்திருந்தா, இவ்வளவு நாளு நான் நிம்மதியா தூங்கியிருப்பேன். வேற ஒண்ணும் மாறியிருக்காது" என்றார். பிறகு எழுந்து, "எந்திரி. போயி கத்திய எடுத்துட்டு வா. செடிய தரையோட அறுத்துருவோம். நோவு கெழங்குக்கு எறங்குறதுக்கு முந்தி மேல உள்ளத வெட்டிட்டா, அடியில இருக்கிற பொடிக் கெழங்காச்சும் நிக்கும்" என்றார்.

தீபாவளியன்று காலையில் நாங்கள் இருவரும் அந்தக் காணி முழுவதையும் அறுத்தோம். புதுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் அறுத்துக்கொண்டே போனது கண்ணிலேயே இருக்கிறது. என் வீட்டுக்காரரும் கூப்பிடாமலே வந்து செடியை அள்ளினார். மற்றவர்களிடமும் போய்ச் சொன்னோம். சிலர் வெட்டினார்கள். சிலர், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வெயில் வரவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, லயத்துத் தண்ணீர்க் குழாயடியில், ஓடைக்கரையில் காணி வைத்திருந்த அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடையதும் முழுதாகக் கருகிப்போயிருந்தது.

"நல்லா இருந்த சரிவ நாசமாக்கிட்டீங்களே புருஷனும் பொஞ்சாதியும். கள்ள மருந்த வாங்கியாந்து அடிச்சு, நோவ வளத்து விட்டுட்டு, இப்ப மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிறீங்க!"

சுற்றி நின்றவர்களும் அதையே நினைத்த மாதிரிதான் இருந்தது. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அதை நகர்த்தக்கூடத் தோன்றவில்லை. அப்போது வரிசையின் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"வெதக்கெழங்கு எல்லாருக்கும் ஒரே லொறியிலதான் வந்துச்சு. யாரு காணியில மொத விழுந்துச்சுன்னு எந்தச் சாமிக்குத் தெரியும்? இவ வந்து என்கிட்ட சொன்னா. நீங்க சொன்னீங்களாண்ணே? தீபாவளிக்கு முந்தியே ஒங்க ஓரத்துச் செடியில புள்ளி இருந்துச்சு. நான் பாத்தேன்."

அந்த அண்ணன் மேற்கொண்டு நிற்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா உண்மையிலேயே பார்த்தாரா, என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பிறகு விவசாயத்துக்குப் பொறுப்பான ஓர் உத்தியோகத்தர் வந்து சரிவைப் பார்த்தார். விதையில் வந்திருக்கலாம், காற்றில் வந்திருக்கலாம், இப்போது தேடி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். செடியை வெட்டாதவர்களின் கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. அந்த நாற்றம் காற்றோடு ஏறி வந்து, கதவைச் சாத்தினாலும் காம்பராவுக்குள் நிற்கும். சோற்றில்கூட அந்த வாடைதான். எங்கள் காணி வெறும் மண்ணாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே போவதை நிறுத்திவிட்டார். வாசலில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 

மகள் ஹட்டனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தை பிறந்ததும், லயத்துப் பெண்கள் இரண்டு பேரோடு கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலைக்குப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டபோது, "அடுத்த வருசம் படிச்சிக்கலாம்மா" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்த அடுத்த வருடம் இன்னும் வரவில்லை.

அக்கா சொன்னது ஓரளவு பலித்தது. அவர் காணியைக் கிண்டியபோது பொடிக் கிழங்காக ஒன்றிரண்டு சாக்குத் தேறியது. விற்கிற அளவில்லை. ஒரு நாள் சாயந்தரம் ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். "நான் ஒருத்தி எவ்வளவத்தான் அவிச்சுத் தின்னுறது" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, கூடைய நாளைக்கு நீங்கதான் கொண்டாந்து குடுக்கணும்" என்றார். மறுநாள் அவர் கூடையைக் கொடுக்கப் போனார். நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார்.

இப்போது மருந்து கிடைக்கிறது. நாங்கள் லீக்ஸும் கரட்டும் போடுகிறோம். உருளைக்கிழங்கு ஊன்ற எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. எங்கள் காணியில் இருந்துதான் அந்த நோய் வந்தது என்று சொல்கிறவர்கள் இப்போதும் லயத்தில் இருக்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

அக்கா அவ்வளவு செய்தும் எங்கள் பயிரும் பிழைக்கவில்லை, அவருடைய பயிரும் பிழைக்கவில்லை. எல்லாம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த அன்றைக்கு ஒருவர் பக்கத்தில் குனிந்து நின்றது எனக்குப் போதும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது போதவில்லை; ஆனாலும் அதுவும் இல்லாமல் போயிருந்தால் அந்த வருடத்தை நாங்கள் தாண்டியிருக்கவே மாட்டோம்.